பிடி அரிசிக் கல்லூரி

அப்பா,

அந்துருண்டை வாசம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. காலையில் உங்கள் கடிதக் கட்டைப் பிரித்தேன். நீங்கள் ஆரம்பித்த பெண்கள் கல்லூரியிலிருந்து ஒரு தமிழ் டீச்சர் வந்திருந்தாள். பாஸ்டர் ஐயாவின் குடும்பக் கடிதங்களைப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்தாள், பாவம். மோர் கொடுத்தேன்.

மெட்ராஸ் ஹாஸ்டலில் இருந்த அண்ணன்களுக்கு நீங்கள் எழுதியதையெல்லாம் உரக்கப் படித்தாள். "படிப்பு ஒன்றே நான் உங்களுக்கு விட்டுப்போகும் ஆஸ்தி." அந்த வரி வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கவில்லை. நீங்கள் அதை எழுதிய நாளில் என் தலைமேல் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

சபை வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் உங்கள் கல்லூரிக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். வீடு வீடாகப் போய் அதை வாங்கி வந்தவள் அம்மா. அம்மா படுக்கையில் விழுந்ததும், ஐந்தாவதோடு என்னை நிறுத்திக் கூடையை என் தலைக்கு மாற்றினீர்கள். "பாஸ்டர் ஐயரு மவ வந்துட்டா பாருடி. அண்ணனுங்க பட்டணத்துல படிக்கிறானுங்க, இவ அரிசி வாங்கினு திரியிறா" என்று சிரித்தாளே, எதிர்வீட்டு டெய்லர் பெண்சாதி, அவள் சாவுக்குக்கூட நான் போகவில்லை.

கல்லூரிக்கு அனுமதி வாங்க நீங்கள் மெட்ராஸில் தங்கியிருந்தபோது, மறுபடி பள்ளிக்கூடம் போகட்டுமா என்று எழுதிக் கேட்டேன். நீங்கள் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அதற்குப் பதில்தான். "நீ போய்விட்டால் அரிசியை யார் சேர்ப்பது, கண்ணு? கல்லூரி எழும்பட்டும். முதல் பெண்ணாக உன்னைச் சேர்க்கிறேன்."

எழும்பியது. திறப்பு விழா அன்று நான் பின்பக்கம் விருந்தாளிகளுக்குப் பொங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது படித்தவளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பார்கள்? எழுதும்போதே உங்களுக்குத் தெரியும் அப்பா. தெரிந்துதான் "கண்ணு" என்று போட்டீர்கள்.

அந்தக் கடிதத்தை மட்டும் டீச்சர் மடித்து என் மடியில் வைத்தாள்.

"இத விட்டுடலாங்கம்மா."

"ஏன், அவரு எழுதுனது இல்லியா?"

"அவரு எழுதுனதுதாங்க. படிக்கிறவங்க ஐயாவத் தப்பா நெனைப்பாங்க."

"சரியாத்தான் நெனைப்பாங்க. இதப் போட்டா கட்டோட எடுத்துனு போ. இல்லன்னா ஒண்ணும் கெடையாது."

பிரின்சிபாலைக் கேட்டுச் சொல்வதாகப் போனாள். சாயங்காலம் போன் வந்தது. அந்த ஒன்று வேண்டாமாம், மற்றதைக் கொடுத்தால் போதுமாம். "என் பேரையாவது போடுவீங்களா?" என்று கேட்டேன். "குடும்பத்தாருக்கு நன்றின்னு போடுவோங்கம்மா" என்றாள். கட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். உங்கள் பெயர் அந்தக் கட்டிடத்தின் நெற்றியில் இருக்கிறது. அது போதும் உங்களுக்கு.

பிறகு சோறு வைக்க அரிசி எடுத்தேன். கை தானாக ஒரு பிடியை ஒதுக்கி வைத்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான், அந்தக் கைக்கு நீங்கள் செத்தது இன்னும் தெரியாது. ஒதுக்கிய பிடியை அள்ளி உலையிலேயே போட்டேன். அதையும் சேர்த்து நானே சாப்பிட்டேன், அப்பா.