தேனீ வராத கொடி

தஹா தீவு,
திங்கட்கிழமை.

என் அன்புத் தெமௌரிக்கு வைஹேரே எழுதுவது. ஆஸ்பத்திரியில் கடவுள் உங்கள் தலைமாட்டிலேயே இருக்கட்டும். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம்.

வனிலா இந்த வருஷம் கொள்ளையாகப் பூத்திருக்கிறது. பூக்காலம் முடியாமல் அங்கே வரக்கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனதால், விடிந்ததும் முள்ளோடு தோட்டத்தில் நிற்கிறேன். நம் ஊர்த் தேனீக்கள் பூவைச் சுற்றிவிட்டுச் சும்மா போகின்றன. உள்ளே இருக்கும் சின்ன மூடியைத் தூக்க அவற்றுக்குத் தெரியவில்லை. தெரிந்த தேனீ, இந்தக் கொடி பிறந்த காட்டிலேயே தங்கிவிட்டது. ஒன்றுக்காக ஒன்று வளைந்து வளைந்தே உருவான ஜோடியில் ஒன்றை மட்டும் கப்பலேற்றிவிட்டார்கள் என்பீர்கள். அப்போது சிரிப்பேன். இப்போது ஒவ்வொரு பூவுக்கும் தனியாக நின்று, முள்ளால் மூடியைத் தூக்கி மகரந்தத்தைச் சேர்த்து மணம் முடித்துவைக்கும்போது சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலை படகோட்டி டிஹோனி பப்பேத்தேயிலிருந்து வந்தான். அங்கே ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தானாம். "அண்ணி, மீனும் தேங்காப்பாலும் குடுத்தாக்கூட அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கறாரு. பூவப் பத்தி மட்டுந்தான் கேக்கறாரு" என்றான். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். டிஹோனி யாருக்காகவும் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

நேராகத் தோட்டத்துக்குப் போனேன். நம் கல்யாணத்தன்று நட்ட கொடியில் ஒரு பூ விடாமல் மணம் முடித்துவிட்டேன். கொடி தாங்கும் அளவுக்கு முடித்துவிட்டு மிச்சத்தை உதிர விட வேண்டும் என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். என் கை நிற்கவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு, "அடிப் பாவி, கொடியக் கொன்னுடுவே போலிருக்கே! இத்தனையும் அது எப்படிடி சுமக்கும்?" என்று கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்தவர் முள்ளைப் பிடுங்கிக்கொண்டார். "தம்பி அங்க கெடக்கான், இங்க பூவாம் பூ! கெளம்புடி." இருவருமாக உட்கார்ந்து, அதிகப்படியானதைக் கிள்ளிப் போட்டோம். நன்றாக அழுதோம்.

அக்காவுக்குக் கண் மங்கல், அவரால் ஒரு பூவுக்கும் மணம் முடிக்க முடியாது. நான் கிளம்பினால் இந்த வருஷத்து விளைச்சல் போகும். போகட்டும்.

கோபப்படாதீர்கள். இன்று டிஹோனியின் படகு முழுக்கக் கொப்பரை மூட்டை, ஆளுக்கு இடமில்லை. அதனால் கடிதம் முன்னால் வருகிறது. வியாழக்கிழமைப் படகில் நான் வருகிறேன்.

பூவெல்லாம் நண்பகல் வரை காத்திருந்துவிட்டு உதிர்ந்துவிடும். அதற்கு அவ்வளவுதான் பொறுமை. நீங்கள் பூ இல்லை. நான் வரும்வரை இருங்கள்.

உங்கள்
வைஹேரே