நீலச் சாயம் கசிந்த உறை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அப்பாவுக்குத்தான் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. வாய் மட்டும் ஓயவில்லை.

போன மாதம் உங்கள் தொழிற்சாலையில் நீ தரச் சோதனைக் கையெழுத்துப் போடாமல் ஒரு பேட்ச் இதய வால்வுகளை நிறுத்திவிட்டாய் என்று கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். அப்பாவுக்கென்று டாக்டர் கேட்டிருந்த வால்வும் அதில்தானே இருந்தது! அவர் அளவுக்கு வேறெங்கும் உடனே கிடைக்காது. சோதனைக்கு எடுத்த உறைகளில் ஒன்றே ஒன்றில், ஒட்டிய ஓரத்தில், இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க விட்ட நீலச் சாயம் மயிரிழை அளவு கசிந்ததாம். "பெத்த அப்பனைவிட ஒரு கவர் பெருசாப் போச்சா அவளுக்கு?" என்று ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அடி போடி. சாயம் போற வழியில கிருமி போகாதா? எனக்காக அவ கையெழுத்துப் போட்டிருந்தா, பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதுதானே வந்திருக்கும்?" என்றார்.

அன்றிலிருந்து அவர் தொல்லை தாங்க முடியவில்லை. ஊசி போட வரும் நர்சிடம் உறையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். "என் சின்னப் பொண்ணு எனக்கு வர வேண்டிய வால்வையே வேணாம்னுட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை வேறு. பக்கத்துக் கட்டில்காரர் அவர் வாயைத் திறந்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்.

"ஒண்ணுதானேம்மா, உங்கப்பாவுக்கும் வேணுமே" என்று உன் மேலதிகாரி சொல்லியும் நீ பேனாவைத் தொடவில்லையாம். அம்மா சொன்னாள். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் என் முதுகில் ஏறிக்கொள்ளும் கழுதைக்கு இவ்வளவு நெஞ்சுரம் எங்கிருந்தடி வந்தது? பெருமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் இன்னும் கோபமாக இருக்கிறேனா என்று அம்மாவிடம் கேட்டாயாமே. இல்லையடி.

உறை ஒட்டும் இயந்திரத்தைச் சரிசெய்து, புதிய பேட்ச் இந்த வாரம் சோதனைக்கு வருகிறதென்று அறிந்தேன். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டால், "முதல்ல அவ போடட்டும், அப்புறம் நான் போடறேன்" என்கிறார் அப்பா. இனி அதிகம் தள்ளிப்போட முடியாது என்கிறார் டாக்டர். அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேள். இந்த முறையும் சாயம் கசிந்தால் நிறுத்திவிடு. அடுத்தது வரும்வரை அப்பாவை நாங்கள் பிடித்துவைத்திருக்கிறோம்.

நன்றாயிரு, கண்ணே.

எப்போதும் உன் பக்கம் நிற்கும்,
அக்கா