ஏழு என்று காட்டியது

ஜூன் 9

அன்புள்ள வயர்மேனுக்கு,

போனில் பேசினால் நமக்குள் வார்த்தை தடித்துவிடுகிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். இன்று விடிந்ததும் கொட்டகையைத் திறந்தேன். முதல் தொட்டியில் நானூறு மீனும் வயிறு தெரிய மிதக்கின்றன. காற்று மோட்டார் ஓடவில்லை. அந்த மீன் தண்ணீரைக் குடித்து வளர்ந்த கீரைப் பாத்தி மட்டும் எதுவும் நடக்காததுபோலப் பச்சையாக நிற்கிறது. மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா போன்ல மணி அடிச்சிருக்கணுமேம்மா?" என்றாள். அடிக்கவில்லையா?

உங்கள் மீன்காரி

ஜூன் 11

அன்பு மீன்காரிக்கு,

அடிக்கவில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் ஏழு என்று போனில் காட்டியது. ஏழு இருக்கும்போது மோட்டார் எதற்குச் சூடாக வேண்டும் என்று இங்கிருந்தே நிறுத்தினேன். கட்டைவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். நானே மாட்டிய சென்சார், நம்பினேன். அங்கே எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

இங்கே கம்பெனியில் என் வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டச் சொல்கிறார்கள். முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்த மாதக் கடைசியில் ஊருக்கே வந்துவிடலாம் என்றிருந்தேன். எந்த முகத்தோடு வருவது?

உன் வயர்மேன்

ஜூன் 13

அன்புள்ள வயர்மேனுக்கு,

இங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும், விடுங்கள். இரண்டாம் தொட்டி உயிரோடு இருக்கிறது. அதற்காகவாவது வாருங்கள். "திட்ட மாட்டோம்னு எழுதும்மா, இல்லன்னா அப்பா செத்த மீனு மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவாரு" என்கிறாள் மகள்.

உங்கள் மீன்காரி

ஜூன் 27

என்னங்க,

பதினான்கு நாளாகப் பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கொல்லவில்லை. சென்சாரில் பாசி படிந்திருந்தது. தேய்த்துக் கழுவி, வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டேன். திரையில் ஏழு என்று வந்தது. பார்க்க நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியிலேயே திரும்ப மாட்ட மறந்துபோனேன். இரண்டு நாள் உங்கள் போன் பார்த்துக்கொண்டிருந்தது வாளியை. மீன்கள் மிதந்த அன்று, உங்களுக்கு எழுதுமுன் அதைத் தொட்டிக்குள் வைத்துவிட்டேன்.

"உங்கிட்ட ஒரு வேலைய நம்பி விட முடியுமா" என்பீர்களே, அதை இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை. நீங்கள் உங்களையே நொந்துகொண்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆறுதலாக இருந்தது.

திட்டுங்கள். வந்து திட்டுங்கள்.

மீன்காரி

ஜூன் 28

மீன்காரிக்கு,

உனக்கு எழுதிய மறுநாளே, அந்த இரண்டு நாளும் சென்சார் பதிந்திருந்த தண்ணீரின் வெப்பநிலையை எடுத்துப் பார்த்தேன். மதியம் முப்பத்தைந்து, விடியலில் இருபத்துமூன்று. அவ்வளவு பெரிய தொட்டித் தண்ணீர் ஒரே நாளில் அப்படி ஏறி இறங்காது. வெயிலில் கிடக்கும் வாளிதான் ஏறி இறங்கும்.

நீயாகச் சொல்வாய் என்றிருந்தேன். "எல்லாம் சரியாகத்தான் இருந்தது" என்று வந்தது. அப்புறமும் இருபத்தாறாம் தேதி வரை நீ சொல்வாய் என்று காத்திருந்து பார்த்தேன். அன்று மாலை கையெழுத்துப் போட்டேன்.

என் நாக்கைப் பற்றி நீ எழுதியது உண்மை. மறுக்கவில்லை.

இரண்டாம் தொட்டியை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். இனி மோட்டாரை நீதான் போட வேண்டும், நீதான் நிறுத்த வேண்டும். மகளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

வயர்மேன்