வாட்டம் சரியில்லை

அன்பு மகளுக்கு அப்பா சொல்ல, உன் தம்பி எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலமா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

என்னம்மா இது கூத்து? நானும் இவனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று, குடும்ப ஆலோசகர் ஓர் அம்மாவை நீதான் ஏற்பாடு செய்தாய். அந்த அம்மா முதல் வேலையாக உன்னையே கழற்றிவிட்டார். அப்பா போன் செய்தாலும் தம்பி போன் செய்தாலும் நீ எடுக்கக் கூடாதாம். சொல்ல வேண்டியது இருந்தால் கடிதமாக எழுதலாமாம். எனக்கு எழுதத் தெரியாதே என்றேன். "உங்க பையனுக்குத் தெரியுமே ஐயா"ங்கிறார். நான் சொல்வதில் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இவன் எழுத வேண்டுமாம். இடையில் வாய் திறக்கக் கூடாதாம். ஒழுங்காக எழுதுகிறானா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஐயா இந்த வேலையே"ன்னு சிரிக்கிறார். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். 'கூத்து' என்பதை மரியாதையாக 'ஏற்பாடு' என்று மாற்றியிருந்தான், திருடன். அதைக் கண்டுபிடிக்க என் காதுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. அடித்துவிட்டுத் திரும்ப எழுத வைத்தேன்.

அந்த அம்மாவின் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடியில் ஒரு மூலை அறை. சன்னலுக்குக் கீழே சுவர் ஓதமேறி உப்புப் பூத்திருக்கிறது. பூசியவன் எவனோ, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். ஆயுசெல்லாம் கரண்டி பிடித்த கொத்தனாரைக் கொண்டுபோய் அந்தச் சுவரைப் பார்த்த மாதிரி உட்கார வைத்தால் அவன் மனசு எப்படி ஆறும்? பேசவும் விடுவதில்லை. நான் "அவனுக்கு என்ன குறைன்னு கேளுங்க" என்றால், "நான் கேக்க மாட்டேன், நீங்க கேளுங்க" என்கிறார். இவன் "அப்பாகிட்ட சொல்லுங்க மேடம்" என்றால் அவனுக்கும் அதே பூசைதான். அப்புறம் மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதற்குப் பேர் வைத்தியமாம்.

பொறுமை கெட்டு, இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். படித்தது அப்புறம், முதலில் வீட்டில் பட்டது என்றார். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்ள மாட்டார்களாம். பாவாடை கட்டிய வயதிலிருந்து இவர்தான் தபால்காரி. "அந்த மனுஷன் வந்து கொட்டிக்கட்டும்" என்று அம்மா சொன்னால், இவர் போய் "அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்கப்பா" என்பாராம். சண்டை வராமல் வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பு. வெளியூரில் படிக்கப் போய்விட்டு விடுமுறைக்குத் திரும்பினால், இரண்டு பேரும் ஒழுகுகிற குழாயை யார் சரியாக மூடவில்லை என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்களாம். வாசலில் பெட்டியோடு நின்று அழுதேன் என்றார். "அத்தனை வருஷமா அடைப்பே நான்தான் ஐயா." அதிலிருந்து, யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நடுவில் நிற்கிற ஆளைத்தான் தேடுவாராம். எங்கள் விஷயத்தில் அது நீ.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மகளையா அடைப்பு என்கிறீர்கள் என்றேன். அவர் அசையவில்லை. குளியலறைத் தரையை உடைத்த கதையை ஆளுக்கொரு முறை சொல்லச் சொன்னார்.

நான் சொன்னேன். நான் வழுக்கி விழுந்த வாரம் நீ போனில், "வாட்டத்தை நினைச்சுத் தம்பி ரொம்பக் கவலைப்படறான்பா, ஏதாவது சரி பண்ணணும்ங்கறான்" என்றாய். இந்த வார்த்தை அட்சரம் பிசகாமல் என் காதில் இருக்கிறது. மறுநாளே இவன் வேறொரு கொத்தனாரைக் கூட்டிவந்து, நான் ரசமட்டம் வைத்து, தண்ணீர் வடிய வாட்டம் பார்த்துப் போட்ட தரையை உடைத்து டைல்ஸ் ஒட்டினான். நான் கட்டிய வீட்டில் என் வாட்டம் சரியில்லையாம்! அன்றைக்கு மூடிய வாய்தான்.

இவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அக்காகிட்ட நான் தரையைப் பத்திப் பேசவே இல்லப்பா. அம்மா தவறிப்போனதுலேர்ந்து நீங்க வாட்டமா இருக்கீங்க, பாக்கவே பயமா இருக்குன்னுதான் சொன்னேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டுச்சு. கூப்பிட்டேன், பதிலே இல்ல. கதவை உடைச்சேன்." டைல்ஸ் எதற்கு என்றால், சொரசொரப்பாக இருந்தால் நான் வழுக்க மாட்டேனாம்.

பதில் சொல்லாததற்குக் காரணம், துண்டு கைக்கு எட்டவில்லை. துண்டு தேடுகிறவன் என்னத்தைப் பதில் சொல்வான்? அந்த அம்மா குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். இதுதான் ஆலோசகர் லட்சணமா?

ஒரு வார்த்தை, அம்மாடி. கொத்தனார் மகளாகப் பிறந்துவிட்டு 'அப்பாவோட முகவாட்டம்' என்று முழுசாகச் சொல்லியிருந்தால் என்ன?

ஆனால் ஒன்று தெரிந்துகொள். என் தரையின் வாட்டம் சரியாகத்தான் இருந்தது. இப்போதுதான் மூலையில் தண்ணீர் தேங்குகிறது. கொசு வேறு.

இன்னொரு குற்றமும் கண்டுபிடித்திருக்கிறார். நானும் இவனும் 'நீ' என்றோ 'நீங்க' என்றோ சொல்லாமல் "சாப்பிட்டாச்சா, வந்தாச்சா, பூட்டியாச்சா" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறோமாம். "உங்க வீட்டுல ஆச்சாதான் குடியிருக்கு"ங்கிறார். குடியிருக்கட்டும், வாடகையா கேட்டோம்?

இத்தனைக்குப் பிறகும் இவன் வேலையிடத்துக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிற அறைக்கு ஞாயிற்றுக்கிழமை குடிபோவதில் மாற்றமில்லை போலிருக்கிறது. கூடத்தில் பெட்டி கட்டி வைத்தது வைத்தபடி இருக்கிறது. நான் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போகிறேன். இவன் பிரிக்கவும் இல்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே நீ அவனுக்கு எடுத்துச் சொல்லி, அவனை இங்கேயே இருக்கச் சொல்...

வேண்டாம். அதை அடித்துவிடு. அந்த அம்மா அறிந்தால் மறுபடி மின்விசிறியைப் பார்க்க வைப்பார்.

மகளே, வேளைக்குச் சாப்பிடு. உன் வீட்டில் யாரோடும் முறைத்துக்கொள்ளாதே, முறைத்தாலும் நேராக முறை. நீ நடுவில் நின்று காத்ததெல்லாம் எனக்குத் தெரியும். கால் வலித்திருக்கும், இனி உட்கார். நூறாண்டு நன்றாக இரு.

டேய், பேனாவை வைக்காதே. இதையும் எழுது. அந்த மூலையைப் பெயர்த்துத் திரும்பப் போட வேண்டும். எனக்கு முதுகு குனியாது. வாட்டம் நான் சொல்கிறேன், கரண்டியை நீ பிடி. ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஏற்ற வருகிற வண்டிக்காரனிடம் வேண்டாமென்று நீயே சொல்லிவிடு.

நீ இரு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா
(கைநாட்டு)