இரண்டு கதைக்கும் இடமிருக்கிறது

மார்ச் 4
என் கணக்கின் முடிவு கேன்டீன்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. குழுத் தலைவர் (மைக்கைக் கண்டால் விடமாட்டார், அதனால் எங்களுக்குள் ‘மைக்’) நிருபரிடம் சொல்லிவிட்டார்: மோதிய இரண்டு கருந்துளைகளும் விண்மீன் செத்துப் பிறந்தவை அல்லவாம், முந்தைய மோதல்களில் பிறந்தவையாம். நிரூபித்துவிட்டோமாம்.

யார் நிரூபித்தது? இரண்டும் ஒன்றானபோது என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, எவ்வளவு கூடியது என்று கணக்கிட்டேன். அதை வைத்து அவற்றின் பிறப்பை ஊகிக்கலாம். ஊகிக்கத்தான். மோதலிலிருந்து எங்கள் கருவிக்கு வந்த சமிக்ஞை அவ்வளவு மங்கல் - பிழை வரம்புக்குள் இரண்டு கதையும் சம்மணம் போட்டு உட்காரும்.

மார்ச் 5
மைக்கிடம் போனேன். பிழை வரம்பைப் பின்னிணைப்பில் போட்டுக்கொள்ளலாமாம். எவன் படிப்பான் அதை? கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரி என்றார்.

மார்ச் 6
கட்டுரையில் கணவன் பெயர் அப்படியே இருக்கிறது. அவனும் இதே குழுதான். சமிக்ஞையிலிருந்து இரைச்சலை வடிகட்டுகிறவன்.

“உன் பேரு அதுல இருக்கணுமா?”

“ஜூனோட என் வேலை முடியுது. நீட்டிக்கறது அவர் கையில. நீ நிரந்தரம். உன்னால கோவப்பட முடியும்.”

பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். நியாயமாக வேறு பேசித் தொலைக்கிறான்.

மார்ச் 9
ஒரே ஆபீசுக்குத் தனித்தனியாகப் போகிறோம்.

மார்ச் 17
மாமியார் போன். பத்திரிகையில் மகன் பெயர் இருக்கிறது, உன் பெயர் எங்கே என்றார். அச்சுப் பிழை என்றேன். ச்சே. நானா இப்படி?

ஏப்ரல் 2
முடிவை அறிவிக்கும் கருத்தரங்கு. அரங்கு நிறைய கூட்டம். மைக் பேசினார், கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசையில் எழுந்தது - அவன்.

“சார், பிழை வரம்ப நீங்க காட்டல. அதுக்குள்ள ரெண்டு விதமாவும் பொறந்திருக்கலாம்.”

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா, படுபாவி?

வீட்டில் கேட்டேன், எனக்காகவா என்று.

“உனக்காக இல்ல. பிழை வரம்பு இல்லாம அந்த வரைபடம் திரையில வந்ததும் கூசிப்போச்சு. வடிகட்டினது நான்தானே.”

ஜூன் 30
நீட்டிக்கவில்லை. அவன் புத்தகங்களை நானும் சுமந்தேன். லிப்ட் வாசலில் மைக் நலம் விசாரித்தார். இரண்டு கையிலும் பெட்டி இருந்தது, பிழைத்தார்.

ஜூலை 19
எங்கள் மறுப்பை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. நான்கு பக்கம். இவற்றின் பிறப்பை இந்தத் தரவால் தீர்மானிக்க முடியாது என்று முடித்திருக்கிறோம். இரண்டு பெயர்கள். அவன் பெயருக்குக் கீழே, நிறுவனம் வர வேண்டிய இடத்தில், எங்கள் வீட்டு முகவரி.