குறி மாறிய வட்டா

பித்தளை தேய்த்து நாலு நாளாகியும் என் விரலில் புளி மணம் போகவில்லை. அல்லது எப்போதோ போய்விட்டது, இருப்பதாக நான்தான் எண்ணிக்கொள்கிறேனோ என்னவோ. சாம்பலும் பழம்புளியும் பித்தளையும் சேர்ந்த மணம். வெற்றிலை வைக்கும் உன் வட்டாவை நீ மினுக்கும் நாட்களில் உன் கையில் இருந்த மணம். அந்த வட்டாவை நீ வேறு யாரிடமும் மினுக்கக் கொடுத்ததில்லை. ஏன் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நீ சுகமில்லாமல் கிடந்தபோது, எந்தப் பொருள் எந்த மகளுக்கு என்று உன்னிடம் கேட்டு எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கினேன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக முப்பது வருடம் காகிதங்களைக் கோவை கோவையாகக் கட்டியவனுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் நோயாளியிடம் அதைக் கேட்கலாமா என்று பத்து நாள் தயங்கினேன். கடைசியில் நீதான், “அந்தக் கொப்பியக் கொண்டாங்க, தலையணைக்குக் கீழ ஒளிச்சு வெச்சு என்னத்துக்கு?” என்றாய். குத்துவிளக்கு மூத்தவளுக்கு. செம்பும் படிக்கமும் இளையவளுக்கு. பெட்டகம் மூத்தவளுக்கு. வட்டாவுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாய். “அது கிடக்கட்டும். மறுகா சொல்றன்.”

நான் அந்த வரியை வெறுமையாக விட்டேன். மறுபடி கேட்கத் துணிவு வரவில்லை. கேட்டால் உன் நாள் நெருங்கிவிட்டது என்று நானே சொல்வதுபோல் ஆகிவிடுமே என்று பயந்தேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் சாமான்களைப் பிரித்தோம். எல்லாம் கொப்பியில் உள்ளபடி நடந்தது, வட்டாவைத் தவிர.

“அம்மம்மாட காலத்தில இரிந்து இந்த வீட்டிலதான் கிடக்கு. இஞ்சதான் கிடக்கும்” என்றாள் மூத்தவள்.

“வீடும் உனக்கு, வளவும் உனக்கு, வட்டாவும் உனக்கா? எனக்கு எச்சில் துப்புற படிக்கம் மட்டும் காணுமாக்கும்.”

“அம்மா என்ன சொன்னவ எண்டு அப்பாட்டக் கேளு.”

“அவர் எப்ப வாயத் திறந்தவர், இப்ப திறக்க?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நம் ஊரில் தாயின் பொருள் பெண்மக்களுக்கு. கட்டி வந்த ஆண் அதில் கை வைப்பதில்லை. ஆனாலும் உன் கடைசிச் சொல்லைக் கேட்டிருக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். “சொல்லவில்லை” என்றேன். இரண்டு பேருமே நம்பவில்லை. மற்றவளுக்காக நான் மறைக்கிறேன் என்று ஆளுக்கு ஆள் நினைத்தார்கள். அடுத்த வளவிலுள்ள தன் வீட்டுக்குப் போன இளையவள் பத்து நாளாகியும் இந்தப் பக்கம் வரவில்லை. நீ போன துக்கத்தோடு, உன் மக்கள் பிரிந்த துக்கமும் என் தலையில்.

வட்டா முற்றத்து மூலையில் களிம்பு பிடித்துக் கிடந்தது. இரு பெண்களும் அதைத் தொடவில்லை. பார்க்கப் பொறுக்காமல் நானே புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கவிழ்த்து அடியைத் தேய்த்தபோது குறி தெரிந்தது. ஒவ்வொரு தாய்வழிக் குடியும் தன் மாட்டுக்குச் சுடும் குறியையே பித்தளைச் சாமான்களிலும் வெட்டிவைப்பது நம் பக்கத்து வழக்கம். அது உன் குடியின் குறி இல்லை. மூத்தவளின் கல்யாணத்துக்கு வட்டா இரவல் தந்த, வாவிக்கு அக்கரையில் படுவான்கரை வீட்டுக் குறி.

இருபது வருடத்துக்கு முந்திய அந்தக் கல்யாணம் நினைவுக்கு வந்தது. ஏழு வீட்டு வட்டாக்கள் வந்திருந்தன. மாறிப்போகாதிருக்க ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய காகிதத் துண்டை நூலால் கட்டினேன். நம்முடையதிலும் கட்டினேன். விருந்து முடிந்து பெண்கள் வட்டாக்களைக் கழுவும்போது துண்டுகளை அவிழ்த்து, பிறகு மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஊரில் வேறு யாராக இருந்தாலும் கவிழ்த்துக் குறியைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை வட்டாவைத் துணியில் சுற்றிக்கொண்டு தோணி ஏறினேன். யுத்தகாலம், துறைக்குப் போகும் வழியெல்லாம் பட்டாளத்து லொறிகள். வாவியைக் கடக்கும்வரை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அந்த வீட்டுப் பெண்மணி இப்போது கிழவி. சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் சிரித்துவிட்டாள்.

“கிளாக்கரையா, இப்பதான் அடியப் பாத்தீங்களா?”

“உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“கல்யாணம் முடிஞ்சு எட்டாம் நாளே ஒங்கட பொஞ்சாதி வந்திட்டா. ‘துண்டு மாறிப் பிழைச்சிட்டெண்டு தெரிஞ்சா அந்த மனிசன் சோறு தின்னாது. ஒங்கட எங்களிட்டக் கிடக்கட்டும், எங்கட ஒங்களிட்டக் கிடக்கட்டும் கா’ எண்டா. நானும் ஓமெண்டன்.”

“இப்போது மாற்றிக்கொள்வோமா?” என்றேன்.

“நல்லாயிரிக்கே கதை! ஒங்கட வட்டாவில வெத்தில வெச்சு எண்ட மூணு மகளுக்கும் கல்யாணம் முடிஞ்சிது. அதத் தூக்கித் தந்தா மூணு பேரும் என்னை உசிரோட வெப்பாளுகளா? கொண்டு போங்க. நீங்களே வெச்சிரிங்க.” பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “நல்ல மனிசி.”

வந்ததும் இளையவளைக் கூப்பிட்டனுப்பினேன். இருவர் முன்னாலும் வட்டாவைக் கவிழ்த்துவைத்து, நடந்ததைச் சொன்னேன். என் பிழை என்பதையும் சொன்னேன். மூத்தவள் குறியை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அப்ப இது அம்மம்மாட இல்லியா?” என்றாள் இளையவள்.

“இல்லை.”

“நீயே வெச்சிக்க அக்கா.”

“ஆரோட வட்டாவோ எனக்கென்னத்துக்கு? நீதானே அடம்புடிச்ச, கொண்டு போ.”

ஒருத்தி தள்ள, மற்றவள் திருப்பித் தள்ள, வட்டா நிலத்தில் இரண்டு தரம் அங்குமிங்கும் போய்வந்தது. “அப்பாவும் அவர்ர துண்டும்!” என்று மூத்தவள் சிரித்தாள். இளையவளும் சிரித்தாள். பிறகு இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு உன்னை நினைத்து அழுதார்கள். நான் எதற்குச் சிரிப்பது, எதற்கு அழுவது என்று தெரியாமல் நின்றேன்.

இப்போதும் தெரியவில்லை. அந்தக் கல்யாணத்தில் ஒரு பொருள்கூட மாறவில்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் இருபது வருடம் பெருமை பேசினேன். நீ பக்கத்தில் குனிந்து பாக்கு வெட்டிக்கொண்டிருப்பாய். அது அன்பா? இந்த மனிதனிடம் சொல்லிப் பயனில்லை என்று எடுத்த முடிவா? ஒருநாள் அன்பென்று படுகிறது, மறுநாள் வெட்கமாக இருக்கிறது. என்னிடம் நீ சொல்லாமல் விட்டவை வேறு என்னென்ன என்று எண்ணத் தொடங்கினால் எங்கும் முடிவதில்லை.

வட்டா இப்போது என் கட்டிலருகே இருக்கிறது. மனைவியின் தாய்வழிப் பொருள் எனக்குச் சேராது. இது அப்படிப்பட்ட பொருளும் இல்லை. அதனால் சேரலாம் போலும். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் தினமும் காலையில் இரண்டு வெற்றிலை பறித்து அதில் வைக்கிறேன். வாடியதும் மாற்றுகிறேன். ஏன் என்று மக்கள் இன்னும் கேட்கவில்லை.