நீ எழுதாமல் போன இரண்டு பாடங்கள்

விடுமுறை முடிந்து இன்று காலை கல்லூரி லேப்பைத் திறந்தோம். சன்னல்கள் பூட்டிக் கிடந்ததில் மலைக்குளிரும் ஈரமும் உள்ளே அடைந்து போயிருந்தன. கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக ஆன் செய்ததும் உள்ளே படிந்திருந்த தூசி சூடேறி, அந்த வாசனை எழுந்தது. புதிதாக வந்திருக்கும் லேப் உதவியாளர் பயந்துபோய், "ஏதோ எரியுற மாதிரி இருக்கே மேடம், ஆஃப் பண்ணிரவா?" என்று கேட்டார். "வேணாம். குளிர் விடுது. கொஞ்ச நேரம் அப்படியே ஓடட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன்னுடைய வாக்கியம் என்று உறைத்தது. நீ வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் பயந்துபோய்க் கூப்பிடும் டீச்சர்களிடம் நீ சொல்வது அது. அவரை அங்கேயே விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றுகொண்டேன். பனி இன்னும் மைதானத்தைத் தாண்டவில்லை.

நாம் இந்தக் கட்டடத்தில்தான் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் கொடைக்கானல் டவுன்காரி. நீ தாண்டிக்குடி காப்பித் தோட்டத்திலிருந்து விடுதிக்கு வந்தவள். உன் தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு இந்த மலைக்கு வந்த குடும்பம். முதல் வருடம் முழுக்க ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். விசைப்பலகை எப்போதும் உன் பக்கம்தான் இருக்கும். இரண்டாம் வருடம் திறந்தபோது நீ வரவில்லை. உன் அப்பா இறந்துபோயிருந்தார். தம்பியைப் படிக்கவைக்க நீ ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்குப் போய்விட்டாய்.

நான் படித்துக்கொண்டே போனேன். இதே கல்லூரிக்கு ஆசிரியையாக வந்தேன். நீ வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டாய். ஓட்டல் அறைப் பதிவுக்கு நீயே ஒரு புரோகிராம் எழுதினாய், பிறகு இன்னும் சில ஓட்டல்கள் உன்னைத் தேடி வந்தன. கடைசியில் அந்த உறைவிடப் பள்ளியின் மொத்தக் கம்ப்யூட்டர் வேலையும் உன் கைக்கு வந்தது. ஆனால் உன் முதல் புரோகிராம் எதுவென்று யார் கேட்டாலும் தோட்டத்து எடைச்சீட்டைத்தான் சொல்வாய். சாயங்காலம் காப்பிப் பழம் நிறுக்கும்போது கணக்குப்பிள்ளை சொன்னதுதான் எடை. உன் அம்மா கூடையோடு நின்று வாதாடுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நீ. கல்லூரி முதல் வருட லீவில் ஊருக்குப் போனபோது மேனேஜரிடம் பேசி, அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில், எடை போட்டவுடன் ஒவ்வொருத்தர் பேருக்கும் சீட்டு அடித்துத் தரும்படி செய்துவைத்தாய். "அம்மா அன்னைக்குச் சீட்ட மடிச்சு முந்தானைல முடிஞ்சுக்கிச்சுடி. அதுக்கு எழுத்துகூடத் தெரியாது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்தபோது நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். நீயும் கீழே உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டாய். ஒன்பதாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப் பள்ளித் தலைமையாசிரியை உன்னைக் கேட்டிருந்தார். ஆனால் பாடம் எடுக்கப் பட்டம் வேண்டும். அவருக்கு உன்னை விட மனமில்லை, அதனால் பட்டத்தை முடித்துவிட்டு வா, காத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"நான் மறுபடி சின்னப் புள்ளைங்களோட வந்து மொதல்லேர்ந்து ஒக்காரணுமாடி?"

அப்போதுதான் எங்கள் கல்லூரியில் அந்தத் திட்டம் தொடங்கியிருந்தது. வெளியே வேலையில் கற்றுக்கொண்டதைச் சோதித்துப் பார்த்து, அது எந்தப் பாடத்துக்கு ஈடாகிறதோ அந்தப் பாடத்தின் கிரெடிட்டைக் கொடுப்பது. உனக்குச் சொன்னேன்.

"தெரிஞ்சதுக்கு மார்க் போடுவாங்களா?"

"தெரிஞ்சத காட்டணும். எழுதணும், செஞ்சு காட்டணும், கேட்டா பதில் சொல்லணும். இதுவரைக்கும் செஞ்ச வேலைக்குச் சான்றும் வேணும்."

"அதுக்கென்ன, எல்லாம் அங்கங்க ஓடிக்கிட்டுத்தானே கெடக்கு" என்று எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டினாய். அவ்வளவு நம்பிக்கை உனக்கு.

சான்று கேட்கத் தாண்டிக்குடிக்கு நானும் உன்னோடு வந்தேன். பண்ணைக்காட்டைத் தாண்டியதும் ஜீப்பில் நாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடியே போனோம். தோட்டம் கை மாறியிருந்தது. புது மேனேஜர் மரியாதையான மனிதர், நமக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். "இப்ப எல்லாமே வேற சாஃப்ட்வேருங்க. பழைய மிஷின எப்பவோ எடைக்குப் போட்டுட்டாங்க. நீங்க செஞ்சதா இருக்கலாங்க, ஆனா எனக்குத் தெரியாததுக்கு நான் எப்படிங்க எழுதித் தர்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் ஓட்டலை இடித்துவிட்டு வேறு கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் உன் புரோகிராமை நீக்கிவிட்டுப் பெரிய நிறுவனத்தினுடையதைப் போட்டிருந்தார்கள். உனக்கென்று மிஞ்சியது பள்ளிக்கூடம் கொடுத்த சான்று ஒன்றுதான்.

திரும்பும் வழியில் நீ வெளியே பார்த்தபடியே, "ஏ புள்ள, இத்தன வருசமா என்ன செஞ்சேன்னு யாராவது கேட்டா, காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லயேடி" என்றாய். ஒரு தச்சர் செய்த கதவு எங்கேயாவது நின்றுகொண்டிருக்கும். நீ செய்தது எதுவும் நிற்கவில்லை.

கொடைக்கானலில் உன் வீட்டில், உன்னோடு இருந்த அம்மா நமக்குப் பால் கலக்காத பிளேன்டீ கொடுத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "மிசினத்தானே தூக்கிப் போட்டாங்க தாயி. ஒன் மண்டைய யாரும் தூக்கிப் போடலயே. திரும்பச் செய்யி" என்றார். நீ அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாளே உட்கார்ந்துவிட்டாய். அந்த எடைச்சீட்டுப் புரோகிராமை முதல் வரியிலிருந்து மறுபடியும் எழுதினாய்.

நேர்காணல் குழுவில் நான் இல்லை. நீ என் சிநேகிதி என்று முன்பே சொல்லி விலகிக்கொண்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வெளியே வந்தபோது முகத்தில் நான் நினைத்த சந்தோஷம் இல்லை, பயந்த வருத்தமும் இல்லை.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா அந்த மூத்த மேடம் ஒண்ணு கேட்டாங்கடி. இத்தன பேர் இருக்குற எடத்துல ஒருத்தரத் தேடுறதுக்கு ஏன் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் போறீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"வேற வழி இருக்கான்னு கேட்டேன். எழுதிக்கிட்டாங்க."

நிரலாக்கம், தரவுத்தளம், நெட்வொர்க், வலைப்பக்கம் என்று இரண்டாம் வருடத்தின் பெரும்பாலான பாடங்களுக்குக் கிரெடிட் கிடைத்தது. இரண்டு பாடங்களுக்குக் கிடைக்கவில்லை: தரவுக் கட்டமைப்பும், கணினிக்கான கணிதமும். விவரத்தைச் சொன்னபோது, "தெரியாதுதானே. குடுக்காம விட்டது சரிதான்" என்றாய். ஆனால் அன்று மதியம் கேன்டீனில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய்.

மூன்றாம் வருடப் பாடங்களை வேலை பார்த்துக்கொண்டே எழுதி முடித்தாய். அந்த இரண்டை மட்டும் பயந்து கடைசிக்குத் தள்ளினாய். அதனால்தான் தரவுக் கட்டமைப்புக்கு என் வகுப்பில் வந்து உட்காரும்படி ஆயிற்று. உன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு, சுவரோரப் பெஞ்சில், பச்சை ஸ்வெட்டரில். வகுப்புக்குள் "எஸ் மேடம்" என்று எழுந்து நிற்பாய். வராந்தாவுக்கு வந்ததும், "என்னடி இன்னைக்கு இவ்ளோ வெரசா போயிட்ட, ஒண்ணும் வெளங்கல" என்று என் கையைப் பிடித்து இழுப்பாய். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நீ அவர்களுக்கு நெட்வொர்க் சொல்லிக்கொடுத்தாய். அவர்கள் உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வரிசைப்படுத்திய பட்டியலில் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே தேடும் முறையை நடத்திய நாள் நினைவிருக்கிறதா? பலகையில் நான் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து சத்தமாக ஒரு சிரிப்பு வந்தது. திரும்பினேன். நீ எழுந்து நின்றாய். "சாரி மேடம். எங்க ஸ்கூல் லைப்ரரி புரோகிராம் மெதுவா ஓடுதுன்னு மிஷினத் திட்டிக்கிட்டே இருந்தேன். அது மிஷின் இல்ல மேடம், நான்தான்" என்றாய். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய், ஆனால் கண் கலங்கியிருந்தது. அன்று மாலையே போய் அதை மாற்றி எழுதினாய். போனில் கூப்பிட்டு, "கேட்டதும் வருதுடி, கேட்டதும் வருது" என்று இரண்டு முறை சொன்னாய்.

தலைவலி அப்போதே இருந்திருக்கிறது. திரையைப் பார்ப்பதால் வருகிறது என்று நீ சொன்னாய், நானும் நம்பினேன். இரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே வந்ததை உன்னிடம் சொல்ல யாருமில்லை. நீயும் யாரிடமும் காட்டவில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் பள்ளி லேப்பில் மயங்கி விழுந்தாய். மலை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மூளையில் இரத்தக் கசிவு, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

ஆம்புலன்சில் உன்னோடு நான் இருந்தேன். அம்மா முன்னால், டிரைவர் பக்கத்தில். பெருமாள்மலை தாண்டியதும் நீ கண் திறந்தாய். வளைவுக்கு வளைவு உன் தலை ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பரீட்ச எப்போடி?" வார்த்தை குழறிற்று.

"அடுத்த வாரம். இப்ப அத நெனைக்காத."

"சன்னல் பக்கம் எடம் போடச் சொல்லு. வெளிச்சம் வேணும்."

"சொல்றேன்."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. வத்தலகுண்டு வந்து, சமவெளியின் சூடு உள்ளே ஏறியபோது உன் ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றிவிட்டேன். மதுரையில் இரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

தேர்வு அறையில் உன் எண்ணுக்குச் சன்னலோர மேசைதான் வந்திருந்தது. மதுரையிலிருந்து போனில் நான் கேட்டு வாங்கியது. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று மேற்பார்வை எனக்கே விழுந்தது. மற்ற பெண்கள் எழுதிக்கொண்டிருக்க, காலி மேசை அருகே நின்று, வருகைத்தாளில் சிவப்பு மையில் உன் எண்ணுக்கு நேரே 'வரவில்லை' என்று நான்தான் எழுதினேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன். பக்கத்து வரிசையில் சின்னப் பெண் ஒருத்தி பேனாவை வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். எழுதும்மா என்றேன். எழுதினாள்.

வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து உனக்குப் பட்டம் கொடுக்க முடியுமா என்று முதல்வரிடம் கேட்டேன். அவரும் உன்னை அறிந்தவர்தான். "எழுதாத பேப்பருக்கு எப்படிம்மா போடுறது? இருந்திருந்தா அவங்களே ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க" என்றார். நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன். கேட்காமல் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வேறொருவர் வந்துவிட்டார். நல்ல பெண். லைப்ரரி புரோகிராம் இப்போதும் உன்னுடையதுதான் ஓடுகிறது என்று சொன்னாள்.

முடிவுகள் வந்த அன்று உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உன் தம்பி கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. வாசலிலேயே கேட்டார்: "புள்ள பாஸாயிருச்சா, தாயி?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "ரெண்டு பேப்பர் எழுதலம்மா. அதுக்குள்ள போயிட்டா. அதனால பட்டம் இல்ல."

அவர் தலையாட்டினார். டீ போட உள்ளே போனார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "கெடைக்காதத விடு. கெடைச்சது என்னென்ன, அதச் சொல்லு."

பாடங்களின் பெயர்களைச் சொன்னேன். நெட்வொர்க் என்றதும் நிறுத்தினார். "அப்பிடின்னா?"

"ஸ்கூல்ல இருக்குற எல்லாக் கம்ப்யூட்டரும் ஒண்ணோடொண்ணு பேசிக்கிற மாதிரி செய்யுறதும்மா."

"அது எப்பிடிப் பேசும்? என்னான்னு பேசும்?"

அன்று அதைச் சொல்லி முடிக்கவே பொழுது போய்விட்டது. கிளம்பும்போது, "மத்தத அடுத்த வாரம் வந்து சொல்லு. அவ சொல்ல வருவா, எனக்கு அப்பல்லாம் சோலி இருந்துச்சு, கேக்கல" என்றார்.

அப்படித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன். நீ வாங்கிய பாடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். உன் அம்மா லேசில் விடுவதில்லை. புரியவில்லை என்றால் புரியவில்லை என்பார், நான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். போன வாரம் கடைசியாகத் தரவுத்தளம் முடிந்தது. "இவ்வளவும் அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "பரீட்ச வச்சுப் பாத்தாங்களா?" பார்த்தார்கள் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்தது?" என்றார்.

அடுத்தது என்று சொல்ல, நீ வாங்கிய பாடங்களில் ஒன்றும் மிச்சமில்லை. நீ எழுதாமல் போன இரண்டுதான் இருக்கின்றன. அவற்றையும் சொல்லு என்கிறார் அம்மா. நாளை சனிக்கிழமை. எங்கே ஆரம்பிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் போவேன்.